விளக்கு எரிகிறது, வட்டைக் காணோம்

மார்ச் 4, 2025, செவ்வாய்

லினக்ஸ் ஓடும் என் மடிக்கணினியில் வெளி ஹார்டு டிஸ்கைச் செருகினேன். அதன் நீல விளக்கு எரிந்தது, உள்ளே வட்டு சுழலும் மெல்லிய ரீங்காரமும் கேட்டது. திரையில் மட்டும் எந்த அசைவும் இல்லை. பத்து வருடப் புகைப்படங்கள் அதில்தான் இருக்கின்றன, வேறு பிரதி கிடையாது. மடிக்கணினியின் கோப்புகளையும் அதிலேயே சேர்த்து வைக்கலாம் என்று இன்றைக்குப் பார்த்துத் துணிந்தேன்.

வேறு துளையில் செருகினேன், பிறகு கேபிளைத் திருப்பிச் செருகினேன். அதனால் பயனில்லை என்று தெரிந்தும் கை கேட்கவில்லை. நண்பர் ஒருவரிடம் சொன்னேன். "ஃபார்மட் செய்து பாருங்கள்" என்றார். பல்வலிக்குத் தலையை எடுக்கச் சொல்லும் வைத்தியம்! அதுவும் கணினிக்கே தெரியாத வட்டை எப்படி ஃபார்மட் செய்வது?

மார்ச் 5, புதன்

கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலைத் திறந்து உட்கார்ந்தேன். எல்எஸ்யூஎஸ்பி கட்டளையில் வட்டின் பெயர் வருகிறது. எல்எஸ்பிஎல்கே கட்டளையில் வரவில்லை. இதுவே பாதி விடை. முன்னது யூஎஸ்பி இணைப்பில் யார் யார் இருக்கிறார்கள் என்று சொல்கிறது, பின்னது அவர்களில் யாரைச் சேமிப்பகமாக ஏற்றார்கள் என்று சொல்கிறது. வாசல் வரை வந்த விருந்தாளியை உள்ளே அழைக்க ஆள் இல்லை.

அடுத்து டிமெஸ்க். கர்னல், அதாவது இயங்குதளத்தின் மையம், எழுதும் குறிப்புகளைக் காட்டும் கட்டளை அது. அவற்றைப் பார்த்தபடியே வட்டைப் பிடுங்கி மறுபடி செருகினேன். "புதிய யூஎஸ்பி சாதனம்" என்று ஒரு வரி, பிறகு தயாரிப்பாளர் எண், பெயர், வரிசை எண். அத்தோடு நின்றுவிட்டது. வழக்கமாக அடுத்து யூஎஸ்பி ஸ்டோரேஜ் அல்லது யூஏஎஸ் என்று இயக்கியின் (சாதனத்தைக் கையாளும் நிரலின்) பெயர் வரவேண்டும். கேபிள் மோசமாக இருந்தால் பெரும்பாலும் பிழை 110, பிழை 71 என்று புலம்பியிருக்கும். இங்கே புலம்பலே இல்லை.

இயக்கியைக் கையால் ஏற்றப் பார்த்தேன். மாட்யூல் எனப்படும் கர்னல் துண்டுகளை ஏற்றும் கட்டளை: மாட்புரோப் யூஎஸ்பி ஸ்டோரேஜ். "அப்படி ஒரு மாட்யூல் இல்லை" என்றது. எங்கே தேடியது என்றும் சொன்னது: 6.13.4 என்ற கர்னல் பதிப்பின் அடைவில். அந்த அடைவே இல்லை. அதன் இடத்தில் 6.13.5 உட்கார்ந்திருக்கிறது.

ஞாயிறு இரவு புதுப்பிப்பு போட்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அதன் பிறகு நான் கணினியை அணைக்கவே இல்லை, மூடி மூடித் திறந்துகொண்டிருந்தேன். நினைவகத்தில் ஓடுவது பழைய கர்னல், புதுப்பிப்போ அதன் மாட்யூல்களை மடிக்கணினியின் வட்டிலிருந்து துடைத்துவிட்டது. முன்பே ஏற்றப்பட்டிருந்த இயக்கிகள் நினைவகத்தில் இருந்ததால் மவுஸும் விசைப்பலகையும் ஒழுங்காக வேலை செய்தன. அதை வைத்தே யூஎஸ்பியில் குறையில்லை என்று நம்பி, ஒரு நாள் முழுக்க வட்டைச் சந்தேகித்துக்கொண்டிருந்தேன்.

மறுதொடக்கம் செய்தேன். வட்டு வந்துவிட்டது. படங்கள் அத்தனையும் இருக்கின்றன.

மார்ச் 6, வியாழன்

கொண்டாடியது அவசரம். சுமார் 180 ஜிபியை அனுப்பத் தொடங்கி இருபது நிமிடத்தில் நகல் உறைந்தது. டிமெஸ்கில் யூஏஎஸ் என்று தொடங்கும் பிழைகள் வரிவரியாக. எஸ்டிபி என்றிருந்த வட்டு மறைந்து, எஸ்டிசி என்று வேறு பெயரில் திரும்பி வந்தது. ஈஎக்ஸ்டி4 கோப்பமைப்பைச் சரிபார்த்தேன், சேதமில்லை.

மார்ச் 7, வெள்ளி

கேபிளை மாற்றினேன். அதே கதை. இடையில் இருந்த ஹப்பையும் எடுத்துவிட்டேன். அதே கதை.

மார்ச் 8, சனி

யூஏஎஸ் என்பது பல கட்டளைகளை ஒரே நேரத்தில் வரிசையில் வைக்கும் வேகமான முறை. வட்டின் பெட்டிக்குள் இருக்கும் சிப் சிலவற்றுக்கு அது ஒத்துவருவதில்லை. தப்பிக்க வழி உண்டு: எல்எஸ்யூஎஸ்பியில் தெரியும் தயாரிப்பாளர் எண், சாதன எண் இரண்டையும் எடுத்து, இறுதியில் 'யூ' என்ற ஒற்றை எழுத்தைச் சேர்த்து, யூஎஸ்பி ஸ்டோரேஜ் மாட்யூலின் குவர்க்ஸ் (விதிவிலக்கு) வரியாக மாட்புரோப் அமைப்புக் கோப்பில் எழுத வேண்டும். எழுதி, மறுதொடக்கம் செய்து, வட்டைச் செருகினேன். "இந்தச் சாதனத்துக்கு யூஏஎஸ் புறக்கணிக்கப்படுகிறது" என்று கர்னலே பொருள்படச் சொன்னது. இவ்வளவு மகிழ்ச்சியாக ஒரு எச்சரிக்கையை நான் படித்ததில்லை.

இனி கட்டளைகள் ஒவ்வொன்றாகத்தான் போகும். எஸ்எஸ்டியாக இருந்தால் வேகம் குறைவது உறுத்தியிருக்கும், சுழலும் வட்டில் எனக்கு வேறுபாடே தெரியவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

நகலெடுக்கும் ஆர்சின்க் கட்டளை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து, ஒன்றேகால் மணி நேரத்தில் முடித்தது. ஆனால் நீல விளக்கு இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. நினைவகக் கணக்கைக் காட்டும் மெம்இன்ஃபோவைப் பார்த்தால், வட்டுக்குப் போகாமல் நினைவகத்தில் காத்திருப்பது 812 எம்பி. காத்திருப்பதை வட்டில் எழுதச் சொல்லும் சின்க் கட்டளையைத் தட்டிவிட்டு அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். 640, 415, 190, 22. விளக்கு நின்றதும் யூமவுண்ட் செய்து (கணினியிலிருந்து முறையாக விடுவித்து), வட்டைப் பிடுங்கினேன்.