பஸ் ரூட் பார்த்துப் போட்ட ஜோடி

மூன்றாம் ஆண்டு மினி ப்ராஜெக்ட் ரெவ்யூவில் ஒரே நாளில் மூன்று ‘ஆஸ்பத்திரி நிர்வாக மென்பொருள்’ பார்த்தேன். மூன்றிலும் டாக்டர் பெயர் ஒன்றே. ப்ராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கியவர்கள் அந்தப் பெயரை மாற்றக்கூடச் சோம்பல்பட்டிருந்தார்கள். “இதை எந்த ஆஸ்பத்திரியில கொண்டுபோய்க் காட்டுனீங்க?” என்று கேட்டேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். காட்டுவதற்கு ஓர் இடம் வேண்டும் என்பதே அவர்களுக்குப் புதுச் செய்தி.

நான் திண்டுக்கல் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் நடத்துகிறேன். அன்று சாயங்காலமே துறைத் தலைவரிடம் போய், “அடுத்த செமஸ்டர் டைட்டிலை நான் கொடுக்கிறேன் சார். சுத்துப்பட்டுல நிஜமாவே தேவை இருக்கிற ஆளுங்ககிட்ட இருந்து வாங்கிட்டு வர்றேன்” என்றேன். “செய்ங்க மேடம். ரெவ்யூ தேதி மட்டும் மாறாது” என்றார். அனுமதி வாங்கிய கதை அவ்வளவுதான்.

யோசனை என்னுடையது இல்லை. அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழகத்தில் 1995-இலேயே எபிக்ஸ் என்ற பெயரில் இதைத் தொடங்கிவிட்டார்கள். பொறியியல் மாணவர் குழுக்கள் உள்ளூர்த் தொண்டு நிறுவனங்களுக்கு ஏதாவது செய்து கொடுக்க வேண்டும், அதற்கு மதிப்பெண் உண்டு. அதில் எனக்குப் பொறாமை வந்த விஷயம் ஒன்று: முதலாண்டுப் பிள்ளையும் கடைசி ஆண்டுப் பிள்ளையும் ஒரே குழுவில் இருப்பார்கள். ஒரு செமஸ்டரில் முடியாத வேலை அடுத்த செமஸ்டருக்குத் தொடரும். அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம், எங்கள் சின்னாளபட்டிப் பக்கமே காந்திகிராமம் இருக்கிறது. 1956-இல் கிராமிய நிறுவனம் ஆரம்பித்த காலத்திலிருந்து மாணவர்களை ஊருக்குள் அனுப்புகிறார்கள். எங்கள் கல்லூரிக்குத்தான் அது புதிது.

முதலில் கூகுள் ஃபார்ம் போட்டேன். ‘உங்கள் அமைப்புக்குத் தேவையான மென்பொருள் எது?’ என்பது முதல் கேள்வி. நான்கு பதில் வந்தது. ஒருவர் தன் ரியல் எஸ்டேட் தொழிலுக்கு இலவசமாக வெப்சைட் கேட்டிருந்தார். ஒருவர் எங்கள் லேப் அசிஸ்டென்ட்டின் மச்சான், ஜெராக்ஸ் கடைக்கு பில் போடும் ஆப் வேண்டுமாம். இன்னொன்று யாரோ மாணவன் விளையாட்டுக்கு அடித்தது. உருப்படியாக வந்தது ஒரு முதியோர் இல்லம் மட்டும். தேவை இருக்கிறவர் ஃபார்ம் நிரப்பிக்கொண்டிருக்க மாட்டார், அவருக்கு வேலை கிடக்கும்.

சரி என்று சனிக்கிழமைகளில் ஸ்கூட்டியை எடுத்தேன். கல்லூரிகள் கிராமங்களைத் தத்தெடுக்கும் மத்திய அரசுத் திட்டமான உன்னத பாரத் அபியானில் எங்கள் கல்லூரி தத்தெடுத்த ஐந்து கிராமங்களின் பெயர் வாசல் பலகையிலேயே இருக்கிறது, அங்கிருந்து ஆரம்பித்தேன். ஆறேழு வாரத்தில் பதினைந்து இடம் தேறியது. பால் சொசைட்டி, மகளிர் சுய உதவிக் குழுக்கள் நான்கைந்து, ஊர்க்காரர்களே நடத்தும் ஒரு வாசகசாலை, பார்வையற்ற பிள்ளைகளுக்கான பள்ளி, நிலக்கோட்டைப் பக்கம் பூ விவசாயிகள், ரத்ததானம் ஏற்பாடு செய்யும் இளைஞர்கள், இப்படி. அரசு அலுவலகங்களை முதல் வருடம் தொடவில்லை. அங்கே இருக்கிறவருக்கு ஆசை இருந்தாலும் மேலிடத்துக்குக் கடிதம் போய்த் திரும்புவதற்குள் செமஸ்டரே முடிந்துவிடும்.

62 பேர், 15 டீம், 15 இடம். இப்போது யாரை யாரோடு சேர்ப்பது?

இங்கேதான் என் படிப்பெல்லாம் வெளியே வந்தது. எக்செல்லில் ஒரு பெரிய அட்டவணை போட்டேன். ஒவ்வொரு டீமுக்கும் என்னென்ன தெரியும், மார்க் எவ்வளவு, மூன்று விருப்பம் எவை என்று கேட்டு வாங்கி, எல்லாவற்றுக்கும் புள்ளி போட்டுக் கூட்டினேன். 11 டீம் ரத்ததான ஆப்பையே முதல் விருப்பமாக எழுதியிருந்தது. சேவை மனப்பான்மை என்று நினைத்துவிடாதீர்கள், அதற்கு கோட் ரெடியாக நெட்டில் கிடைக்கும். ஆனாலும் என் சூத்திரம் எல்லோரையும் பிரித்துக் கொடுத்துவிட்டது. வகுப்பிலேயே அதிக மார்க் வாங்கும் டீமுக்குப் பால் சொசைட்டி. எனக்கு ஒரே பெருமை.

பால் சொசைட்டியில் காலை ஐந்தரையிலிருந்து எட்டு வரை பால் ஊற்றுவார்கள், அப்புறம் மதியம் மூன்றுக்கு மேல். நடுவில் செயலாளர் தன் தோட்டத்துக்குப் போய்விடுவார். அந்த டீம் நான்கு பேரும் ஹாஸ்டல். அவுட் பாஸ் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல்தான், அதுவும் ஏழு மணிக்குள் உள்ளே வந்துவிட வேண்டும். ஆக, அவர் இருக்கும்போது இவர்கள் வர முடியாது, இவர்கள் வரும்போது அவர் கணக்கை முடித்துக்கொண்டு கிளம்பிவிடுவார். போனில் பேசிப் பார்த்தார்கள். மூன்றாவது வாரத்துக்கு மேல் அவர் எடுக்கவில்லை. அவர்களும் விடவில்லை, பார்க்காத சொசைட்டிக்கு அழகான ஆப் ஒன்று செய்தார்கள். அதில் பாலுக்கு லிட்டர் விலை மட்டும் இருந்தது. கொழுப்பு எத்தனை, கொழுப்பு நீங்கலான இதர சத்து எத்தனை என்று பார்த்துத்தான் காசு போடுவார்கள் என்று நான்கு பேரில் யாருக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியாது, அது வேறு விஷயம்.

முதியோர் இல்லத்துக்குச் செய்த வெப்சைட் வேறு மாதிரி போயிற்று. திறப்பு விழாவெல்லாம் வைத்தார்கள். அடுத்த வருடம் அதே தேதிக்கு டொமைன், அதாவது வெப்சைட்டின் முகவரி, காலாவதியாகிவிட்டது. புதுப்பிக்கச் சொல்லி வந்த மெயில் எல்லாம் ஒரு மாணவனின் பழைய முகவரிக்குப் போயிருக்கிறது. அவன் சென்னையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். இல்லத்தின் மேலாளர் எனக்கு போன் பண்ணி, “பிள்ளைங்க ஆசையா செஞ்சு குடுத்தாங்க மேடம், காணாமப் போச்சு” என்றார். அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

வருடக் கடைசியில் எண்ணிப் பார்த்தேன். பதினைந்தில் நான்குதான் புழக்கத்தில் இருந்தது. அந்த நான்கு டீமும் எதில் ஒன்று என்று தேடினேன். மார்க் இல்லை, இரண்டு டீமில் அரியர் வைத்த பிள்ளைகள் இருந்தார்கள். விருப்பமும் இல்லை. விடை வந்தது காலேஜ் பஸ் லிஸ்ட்டில். போக்குவரத்துப் பொறுப்பாளர் கையெழுத்துக்கு அனுப்பியிருந்த அந்தத் தாளைப் புரட்டும்போது பார்த்தால், நான்கு டீமிலும் குறைந்தது ஒருவராவது அந்த கிளையன்ட் இருக்கும் ஊர் வழியாகப் போகிற பஸ்ஸில் தினமும் வந்துபோகிறவர். சாயங்காலம் இறங்கி, ஒரு பத்து நிமிடம் எட்டிப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். நான் போட்ட சூத்திரத்தில் பஸ்ஸுக்குப் புள்ளியே கிடையாது.

இரண்டாம் வருடம் எக்செல்லைத் தூக்கிப் போட்டுவிட்டு, சுவரில் ரூட் மேப் ஒட்டினேன். நிலக்கோட்டை ரூட், ஒட்டன்சத்திரம் ரூட், நத்தம் ரூட், சின்னாளபட்டி ரூட். டீமையே ரூட்டுக்குள்தான் அமைத்துக்கொள்ள வேண்டும். பெரிய சண்டை வந்தது. ஃபர்ஸ்ட் இயரிலிருந்து ஒன்றாகச் சுற்றுகிறவர்களைப் பிரித்தால் விடுவார்களா? ஒரு பெண் அழுதே விட்டாள். நான் இறங்கிவரவில்லை. ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு நடந்து போகிற தூரத்தில் உள்ள இடங்கள் மட்டும். தத்தெடுத்த ஐந்தில் இரண்டு ஊருக்கு எங்கள் பஸ்ஸே போவதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அந்த இரண்டையும் சொல்லிவிட்டு விட்டேன்.

கிளையன்டிடம் கேட்கிற கேள்வியும் மாறியது. மென்பொருள் என்ற வார்த்தையையே எடுத்துவிட்டேன். எந்த நேரம் உங்களுக்கு ஓய்வு? பிள்ளைகளோடு உட்காரப் போகிறவர் யார்? அவர் கையில் என்ன போன்? பிள்ளைகள் போன பிறகு யார் பார்த்துக்கொள்வார்? கடைசிக் கேள்விக்கு ஓர் ஆளைக் காட்ட முடியாத இடத்துக்கு டீம் கிடையாது. இதில் நல்ல இடங்கள் சில கைவிட்டுப் போயின, வருத்தம்தான்.

முதல் சந்திப்பு பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முதல் வருடம் எல்லா கிளையன்டையும் செமினார் ஹாலுக்கு வரவழைத்தோம். சுய உதவிக் குழு அக்காமார் பட்டுச்சேலையில் வந்து ஏசி அறையில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகள் ஆங்கில ஸ்லைடு போட்டார்கள். “ஏதாவது கேக்கணுமா?” என்றதற்கு ஒரே பதில், “நீங்க படிச்சவங்க, நீங்களே பாத்துச் செய்ங்க தம்பி.” இரண்டாம் வருடம் பிள்ளைகள்தான் அவர்கள் இடத்துக்குப் போனார்கள். லேப்டாப் கொண்டுபோகத் தடை. போனதும் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: “அக்கா, நீங்க எழுதுற நோட்டைக் காட்டுறீங்களா?”

நோட்டைப் பார்த்தால் போதும், பாதி வேலை முடிந்துவிடுகிறது. முறுக்கு, அதிரசம் போட்டு விற்கும் ஒரு குழு ஆன்லைன் விற்பனைக்கு ஆப் வேண்டும் என்றுதான் என்னிடம் சொல்லியிருந்தது. அவர்கள் நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் அடித்தல் திருத்தல். யார் எவ்வளவு மாவு எடுத்துப் போனார், எவ்வளவு சரக்காகத் திருப்பிக் கொடுத்தார் என்பதில்தான் தகராறு. மாதக் கூட்டத்தில் பாதி நேரம் அதிலேயே போய்விடுகிறது. ஆப் எதற்கு? ஒரு கூகுள் ஷீட், தமிழ்த் தலைப்பு, குழுவை நடத்துகிற ஊக்குநர் அக்கா போனில் திறந்தால் நேராக அந்த வரியில் நிற்கிற மாதிரி. இதே டீம் இன்னொரு காரியமும் செய்தது. நோட்டுகளை போட்டோ எடுத்து டீம் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருந்தார்கள். அதில் உறுப்பினர்களின் ஆதார் நகலும் வங்கிக் கணக்கு எண்ணும் சேர்ந்து வந்திருந்தன. என் கண்ணில் பட்டதும் நான்கு பேர் போனிலும் அழிக்க வைத்து, மறுநாள் அவர்களோடு போய் அக்காமாரிடம் விஷயத்தைச் சொன்னோம். “அதனால என்ன கண்ணு” என்றார்கள். அதனால் என்ன என்று பிள்ளைகள்தான் விளக்கினார்கள். அந்த விளக்கத்துக்கு நான் தனியாக மார்க் போட்டேன்.

வாசகசாலையில் அடி வேறு இடத்தில். இரண்டாயிரம் புத்தகத்துக்கு மேல் ஏற்கெனவே ஒரு பெரியவர் எக்செல்லில் ஏற்றி வைத்திருந்தார், பாமினி என்ற பழைய எழுத்துருவில். பிள்ளைகள் லேப்டாப்பில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை. ஃபைல் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டி, எல்லாவற்றையும் திரும்ப அடிக்கத் தயாராகிவிட்டார்கள். யூனிகோடு என்ற பொது எழுத்து முறைக்கு முந்தைய காலம் ஒன்று இருந்ததே அவர்களுக்குத் தெரியாது. எழுத்துருவை யூனிகோடாக மாற்றித் தரும் மென்பொருள் ஒன்றைக் காட்டினேன், அரை மணியில் மாறிவிட்டது. ஆனால் ‘கௌ’ என்று தொடங்கும் எந்தப் பெயரும் தேடினால் வரவில்லை. பாமினியில் ளகரத்துக்கும் ஔகாரக் குறிக்கும் ஒரே விசை. அதனால் அந்த மென்பொருள் அதை ‘கெ’, அப்புறம் ஒரு ‘ள’ என்று எடுத்துக்கொண்டிருந்தது. கண்ணுக்கு ஒரே மாதிரி, கம்ப்யூட்டருக்கு வேறு. இதைக் கண்டுபிடிக்க அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு வாரம் ஆனது. கண்டுபிடித்த அன்று ராத்திரி பத்தரைக்கு எனக்கு போன்.

பார்வையற்றோர் பள்ளியில் கணினி ஆசிரியருக்கும் பார்வை கிடையாது. என்விடிஏ என்ற இலவச மென்பொருள் திரையைப் படித்துக் காட்ட, அவர் வேலை செய்வார். எங்கள் டீம் செய்த பக்கத்தைத் திறந்தார். “பட்டன், பட்டன், பட்டன்” என்று அது சொல்லிக்கொண்டே போனது. ஒரு பட்டனுக்கும் பெயர் வைக்கவில்லை. “எந்த பட்டன் தம்பி?” என்று சிரித்தார். நான் நான்கு வகுப்பு எடுத்தாலும் அந்தப் பாடம் ஏறியிருக்காது.

வைவா என்கிற வாய்மொழித் தேர்வு பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது. வெளியிலிருந்து வந்த எக்ஸ்டர்னல் தேர்வாளர், கூகுள் ஷீட் டீமைப் பார்த்து, “இதுல புதுமை என்ன இருக்கு?” என்றார். பிள்ளைகள் வாயடைத்து நின்றார்கள். அதற்கடுத்த பேட்ச்சிலிருந்து மார்க் பிரிக்கிற முறையையே மாற்றி அச்சடித்துக் கொடுத்துவிடுகிறோம். 100-இல் 30 கிளையன்ட் சொல்வதற்கு, 20 ஒப்படைக்கிற தாளுக்கு. அந்தத் தாள் ஒரு பக்கம், தமிழில். எதெல்லாம் செய்து கொடுத்தோம், எதெல்லாம் செய்யவில்லை, பாஸ்வேர்ட் யார் கையில், வருடா வருடம் காசு கட்டுவது ஏதாவது உண்டா, உண்டென்றால் யார் கட்டுவார். கணக்கு எல்லாம் கிளையன்டின் மெயில் ஐடியில் இருந்தால்தான் நான் கையெழுத்துப் போடுவேன்.

பால் சொசைட்டிக்குத் திரும்பப் போக எனக்குக் கூச்சமாக இருந்தது. போனேன். செயலாளர் கோபப்படவில்லை, “உங்க பிள்ளைங்க ராத்திரி ஆளுங்க, நான் விடியக்கால ஆளு” என்றார். வகுப்பில் வந்து விசாரித்தால், கடைசி பெஞ்ச்சில் ஒருவன் கை தூக்கினான். அவன் வீட்டில் மூன்று கறவை, அந்த சொசைட்டியில்தான் ஊற்றுகிறார்கள், கேனைக் கொண்டுபோவதே அவன்தான். அவனைச் சுற்றி டீம் அமைத்தோம். பட்டுவாடாவுக்கு முந்தின நாள் ஒவ்வொருவருக்கும் ஒரு தாள்: எந்த வேளை எத்தனை லிட்டர், கொழுப்பு, இதர சத்து, தொகை, எல்லாம் பெரிய எழுத்தில். மெஷின் தருகிற துண்டுச் சீட்டு தொலைந்து போனதால் வருகிற சண்டை குறைந்துவிட்டது என்று செயலாளர் சொன்னார். மூன்று பட்டுவாடாவுக்கு அவன் கூடவே உட்கார்ந்தான்.

இப்போது அவன் கடைசி ஆண்டு. மே மாதத்தோடு போய்விடுவான். அவன் தங்கை இந்த வருடம் எங்கள் கல்லூரியிலேயே இசிஇ (எலெக்ட்ரானிக்ஸ்) துறையில் சேர்ந்திருக்கிறாள். அவன் வராத அன்று கேன் தூக்குகிறவள். அவளைச் சேர்த்துக்கொண்டால் மூன்று வருடம் கவலையில்லை. ஆனால் விதிப்படி மினி ப்ராஜெக்ட் மூன்றாம் ஆண்டுக்குத்தான், வேறு துறைப் பிள்ளையைச் சேர்க்கவும் இடமில்லை. இரண்டு துறைத் தலைவருக்கும் கடிதம் கொடுத்திருக்கிறேன். எங்கள் சார் கையெழுத்துப் போட்டுவிட்டார். இசிஇ மேசையில் மூன்று வாரமாக இருக்கிறது.