ஆடாமல் வந்த கோடு

மருத்துவமனைக் கருவிகளைப் பராமரிக்கும் பொறியாளராகச் சேர்ந்த புதிதில், ஈசிஜி கருவியைச் சோதிப்பது பத்து நிமிட வேலை என்றே நினைத்திருந்தேன். இதயத்துடிப்பு போன்ற மின்னலைகளைத் தரும் சிமுலேட்டரில் பத்து வயர்களையும் மாட்டி, 1 மில்லிவோல்ட்டுக்குக் கோடு 10 மில்லிமீட்டர் உயர்கிறதா என்று பார்த்துவிட்டு ஸ்டிக்கர் ஒட்டிவிடுவோம். தாள் நொடிக்கு 25 மில்லிமீட்டர் நகர வேண்டும் என்பது தெரியும், யாரும் அளந்ததில்லை.

அவசரச் சிகிச்சைப் பிரிவின் பழைய கருவி ஒன்றில், நிமிடத்துக்கு 60 துடிப்பு வைத்து எடுத்த தாளை ஒருநாள் தற்செயலாக அளவுகோலால் அளந்தேன். அடுத்தடுத்த பத்து இடைவெளிகள் சேர்ந்து 250 மில்லிமீட்டர் வந்திருக்க வேண்டும், 238தான் இருந்தது. தாளை இழுக்கும் ரப்பர் உருளை தேய்ந்து வழுக்கியிருக்கிறது. ஆனால் தாளின் மேலே அச்சாகியிருந்த எண் 60 என்றே காட்டியது. அதைக் கருவி தாளைப் பார்த்துக் கணக்கிடுவதில்லையே. கட்டங்களை எண்ணி கியூடி இடைவெளியை (இதயக் கீழறைகள் மின்தூண்டல் பெற்று மீண்டும் பழைய நிலைக்கு வரும் நேரத்தை) அளக்கும் மருத்துவருக்குத்தான் அது உள்ளதைவிடக் குறைவாகத் தெரிந்திருக்கும்.

“சார், இந்த மெஷின்லதான் கோடு ஆடாம வருது. இதை எடுத்துட்டுப் போயிடாதீங்க” என்றார் மூத்த செவிலியர். அந்தச் சொல் உறுத்தியதால் அமைப்புகளைத் திறந்து பார்த்தேன். மெதுவான அலைகளை வடிகட்டும் ஃபில்டரின் கீழ் எல்லையை 0.05 ஹெர்ட்ஸிலிருந்து 0.5-க்கு யாரோ மாற்றியிருந்தார்கள். நோயாளியின் மூச்சாலும் அசைவாலும் கோடு மிதப்பதை அது அடக்கும்; கூடவே, மாரடைப்பைக் கண்டறிய மருத்துவர் கூர்ந்து பார்க்கும் எஸ்டி பகுதியின் வடிவத்தையும் கெடுக்கும். (இந்தக் குறையின்றி வடிகட்டும் புதிய கருவிகள் உண்டு, எங்களுடையது அந்த ரகமல்ல.) எங்கள் வழக்கமான சோதனையில் இது சிக்காததில் வியப்பில்லை, சிமுலேட்டர் மூச்சு விடுவதில்லை.

எஸ்டி உயர்வுள்ள அலையை இரண்டு அமைப்பிலும் எடுத்து, தாள்களை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தவர், “அப்போ ஆடுற கோடே தேவலையா?” என்று கேட்டார். ஆட்டத்தைக் குறைக்க வேண்டிய இடம் தோல்தான் என்று சொல்லி, மார்பில் மின்முனைகளைப் பிடித்து நிறுத்தும், வெடித்திருந்த உறிஞ்சு குமிழ்களை மாற்றிக் கொடுத்தேன்; தோலைத் துடைத்து, ஜெல் தடவி, நோயாளியின் மூச்சு சீராகும்வரை பொறுத்து எடுக்கச் சொன்னேன். ஃபில்டரையும் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தேன்.

புது உருளை வரும்வரை, ‘கட்டங்களை எண்ணி அளக்க வேண்டாம்’ என்று எழுதி ஒட்டி, அவர் கேட்டபடியே கருவியை அங்கேயே விட்டுவந்தேன். அன்றே அதை எடுத்து வந்திருக்க வேண்டும்.