நாலாவது மாத்திரை

2023 பிப்ரவரியில் டிபி என்று தெரிந்தபோது என் எடை 43 கிலோ. ஆந்திராவில் இருக்கிற நகரியில் இருபது வருஷமாகத் தறி ஓட்டுகிறவன் நான். பஞ்சுத் தூசிதான் என்று சொல்லிச் சொல்லியே மூன்று மாத இருமலைத் தள்ளிப்போட்டிருந்தேன். சளி பாசிட்டிவ் என்றதும் முதலாளி, "நல்லானதும் வாப்பா" என்று அனுப்பிவிட்டார். அவரைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் தறி ஓடாத வாரத்துக்குக் கூலி கிடையாது.

மாத்திரை இலவசம். எடையைப் பார்த்துத்தான் தருவார்கள்: 35 முதல் 49 கிலோ வரை தினம் மூன்று, 50 ஆனால் நான்கு. சீட்டில் மாத்திரைக்குக் கீழே டாக்டர் முட்டை, பால், பருப்பு என்றும் எழுதியிருந்தார். ஊர் சுகாதாரப் பணியாளரான ஆஷா அம்மாவும் "ரோஜுகு ரெண்டு குட்லு, அண்ணா" (தினம் இரண்டு முட்டை) என்று தெலுங்கில், இரண்டு விரலைக் காட்டிச் சொல்லிவிட்டுப் போனார். மாத்திரை கொடுத்த ஜன்னலில் முட்டை கொடுக்கவில்லை.

முதல் இரண்டு வாரம் அது ஒரு பிரச்சினையாகவே தெரியவில்லை. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், சோற்று வாசனை வந்தாலே குமட்டும். மூன்றாவது வாரம் பசி வந்தது பாருங்கள்! நோய் தின்ற உடம்பு எல்லாவற்றையும் திருப்பிக் கேட்டது. இரண்டு உருண்டை களி தின்று கை கழுவி வந்தால் மறுபடியும் பசிக்கும். வீட்டில் வருமானம் நின்றதும் அதே சமயம்தான்.

டிபிக்காரர்களின் சத்துணவுக்காக அரசாங்கம் நிக்ஷய் போஷண் என்று அப்போது மாதம் 500 ரூபாய் வங்கியில் போட்டது. நாளுக்குப் பதினாறு ரூபாய் சொச்சம். எனக்கு முதல் பணம் வந்தது மூன்றாம் மாதம். அதுவரை பாஸ்புக்கும் ஆதாருமாக அலைந்ததில் தீர்ந்த தெம்புக்குக் கணக்கில்லை.

சரி, கடன் வாங்கியாவது முட்டை வாங்கினோம். மனைவி இரண்டை வேகவைத்து என் தட்டில் வைத்தாள். சின்னவள் எதிரே உட்கார்ந்து ரசம் சோறு தின்றுகொண்டிருந்தாள். கேட்கவில்லை, பார்த்தாள், அவ்வளவுதான். ஒன்றை அவளுக்குக் கொடுத்தேன். பெரியவன் வந்தான், மற்றதில் பாதி போயிற்று. சீட்டில் எழுதிய இரண்டு முட்டையில் எனக்குக் கிடைத்தது அரை.

திருத்தணியிலிருந்து பார்க்க வந்த அக்கா இதைக் கண்டுவிட்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன். "அவனுக்கு மட்டும் வாங்குனா அவன் தின்பானா?" என்று என் மனைவியைத்தான் கேட்டாள். அடுத்த ஞாயிறு முதல் ஒரு முட்டை ட்ரே, கேழ்வரகு மாவு, துவரம்பருப்பு, வேர்க்கடலை எல்லாவற்றையும் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வந்தாள். வாரத்துக்கு முப்பது முட்டை: எனக்குப் பதினான்கு, மிச்சம் அம்மா, மனைவி, பிள்ளைகளுக்குத் தலைக்கு நான்கு. அதன் பிறகுதான் என் தட்டு முழுசாக என்னுடையதாயிற்று.

ஜூலையில் மாத்திரை முடிந்தது. ஆகஸ்டில் செல்போனில் ஒரு ஆய்வைப் பற்றிப் படித்துவிட்டு அக்காவுக்குப் போன் போட்டேன். ஜார்க்கண்டில் 2,800 நோயாளிகளுக்கு மாதம் பத்து கிலோ உணவுப் பை: அரிசி, பருப்பு, பால் பவுடர், எண்ணெய். அதில் பாதி நோயாளிகளின் வீடுகளில் மற்றவர்களுக்கும் தலைக்கு 5 கிலோ அரிசி, ஒன்றரை கிலோ பருப்பு, சத்து மாத்திரை. அப்படிக் கொடுத்த வீடுகளில் புதிதாக டிபி வருவது 39 சதவீதம் குறைந்ததாம். நோயாளிகளிலும், முதல் இரண்டு மாதத்துக்குள் எடை ஐந்து சதவீதம் ஏறியவர்களிடையே சாவு வெகுவாகக் குறைவு. "இதுக்கு ஆராய்ச்சி வேறயா?" என்றாள் அக்கா.

மதனப்பள்ளி ஆரோக்கியவரம் என்ற பழைய டிபி ஆஸ்பத்திரி என்றால் எங்கள் பாட்டிக்குப் பாலும் முட்டையும் ஓய்வும்தான். அப்போதெல்லாம் டிபிக்கு சானடோரியம்தான், அதாவது நீண்ட நாள் தங்கவைக்கிற ஆஸ்பத்திரிதான் கதி. 1956இல் சென்னையில் ஒரு ஆய்வு தொடங்கி, ஆஸ்பத்திரியில் மாத்திரையோடு நன்றாகச் சாப்பிட்டுப் படுத்திருந்தவர்களையும் குடிசையில் கஞ்சி குடித்து மாத்திரை போட்டவர்களையும் ஒப்பிட்டார்கள். குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டை விட்டு வருஷக்கணக்கில் கிடக்க வேண்டாம் என்றானது பெரிய விடுதலை, மறுக்கவே முடியாது. ஆனால் கட்டிலோடு சேர்த்துச் சாப்பாட்டையும் வெளியே எடுத்துப் போட்டுவிட்டார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

2023 மே மாதக் கடைசியில் தராசு 50.2 காட்டியது. நர்ஸ் அட்டையைத் திருத்தி நாலாவது மாத்திரையை நீட்டினார். மருந்து கூடியதற்குச் சந்தோஷப்பட்டவன் அந்த ஆஸ்பத்திரியில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

2024 நவம்பரிலிருந்து அந்த 500 ஆயிரமாகிவிட்டது, நல்லது. போன மாதம் இரண்டு தெரு தள்ளி ஒரு தறிக்காரருக்கு மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள். பார்க்கப் போனவன் எடையைக் கேட்கவில்லை, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டேன். ஆறு பேராம். ஒரு ட்ரே ஒரு வாரத்துக்குக்கூட வராது.