சாசரின் நைட்டை அவர் சட்டையிலிருந்து தொடங்குங்கள்

எம்.ஏ. ஆங்கிலத்தில் 14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாசரின் 'ப்ரோலாக்' எப்படியும் ஒரு பெரிய கேள்வியாக வரும். கேன்டர்பரிக்கு யாத்திரை போகிறவர்களை ஒவ்வொருவராக அறிமுகப்படுத்தும் 'கேன்டர்பரி டேல்ஸ்' முன்னுரைதான் அது. பாத்திரச் சித்திரிப்பைக் கேட்டதும் பலர் கைடில் உள்ளபடி யாத்திரிகர்களை வரிசையாக அறிமுகப்படுத்தத் தொடங்கிவிடுவார்கள். பக்கம் நிறையும், மார்க் விழாது. மூன்று பேரை மட்டும் எடுத்து, ஆளுக்கொரு பொருளைப் பிடித்துக்கொண்டு எழுதியபோதுதான் எனக்கு மார்க் ஏறியது.

முதலில் நைட், அதாவது குதிரையேறிப் போரிடும் பிரபுகுல வீரர். அவருக்கு உண்மை, மானம், தாராளம், பண்பு எல்லாம் உயிர் என்பதை எல்லோரும் எழுதுவார்கள். அவருடைய முரட்டுத்துணிச் சட்டையில் இரும்புக் கவசத்தின் கறை அப்பியிருப்பதை எழுதுங்கள். குதிரைகள் நல்லவை, உடுப்பில் பகட்டில்லை. போர்ப் பயணம் முடிந்த கையோடு யாத்திரைக்குக் கிளம்பிவிட்டார்.

அடுத்தே அவர் மகன் ஸ்கொயர், நைட் ஆவதற்குப் பயிற்சி பெறும் இளைஞன். வயது 20 இருக்கும், சுருள் முடி, சட்டை முழுக்கப் புல்வெளி பூத்தது போலப் பூவேலை. அப்பா விசுவாசத்துக்காகப் போரிட்டவர், பிள்ளை காதலியின் கடைக்கண் பார்வைக்காகப் போரிடுகிறவன். ஷிவல்ரி எனும் வீர மரபின் இரண்டு முகங்களும் இங்கே அடுத்தடுத்து நிற்கின்றன. பந்தியில் அப்பாவுக்கு இறைச்சி அறுத்துக் கொடுக்கிறான் என்ற கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். அவனை வெறும் மைனராகப் பார்க்கவிடாமல் தடுப்பது அந்த வரிதான்.

நைட்டின் போர்ப் பட்டியலிலும் கொஞ்சம் நில்லுங்கள். 1365இல் வீழ்ந்த அலெக்சாந்திரியா, பிரஷ்யா, லித்துவேனியா, கிரனாடா எல்லாம் இருக்கும். பிரான்சில் இங்கிலாந்து வென்ற கிரெஸியும் (1346) புவாட்டியேவும் (1356) இருக்காது. சாசரே பிரான்சில் போருக்குப் போய்ப் பிடிபட்டு, 1360இல் பணம் கட்டி மீட்கப்பட்டவர். அரசர் தந்த பங்கு 16 பவுண்டு. அப்படிப்பட்டவர் பிரெஞ்சுப் போர்களை மறந்திருப்பாரா? போதாததற்கு, நைட் ஒரு துருக்கியப் பிரபுவின் பக்கம் நின்று இன்னொரு துருக்கியரோடும் போரிட்டிருக்கிறார். இதையெல்லாம் வைத்து 1980இல் டெர்ரி ஜோன்ஸ் என்ற பிரிட்டிஷ் எழுத்தாளர் நைட்டைக் கூலிப்படை வீரர் என்றே வாதிட்டார். எனக்கு அது கொஞ்சம் அதிகமாகத்தான் படுகிறது. ஆனாலும் ஒரு பத்தியில் அந்த வாதத்தைச் சொல்லி மறுத்துப் பாருங்கள், திருத்துபவர் நிமிர்ந்து உட்காருவார்.

மூன்றாவதாகப் பிரையரஸ், கன்னியர் மடத்தின் தலைவி. வாயிலிருந்து ஒரு பருக்கை சிந்தாமல், விரல் குழம்பில் ஆழ நனையாமல் சாப்பிடுகிறார். அரண்மனை நாகரிகம் ஒரு கன்னியாஸ்திரீயிடம் இருக்கிறது. பொறியில் மாட்டிய எலியைப் பார்த்தால் கண்ணீர் விடுவார். நாய்க்குட்டிகளுக்கு வறுத்த இறைச்சி, பால், உயர்ரக வெள்ளை ரொட்டி. ஏழைகளைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. சாசர் எங்கும் குறை சொல்லவில்லை, பாராட்டிக்கொண்டே போகிறார். எதைப் பாராட்டுகிறார் என்று காட்டினால் போதும், ஐரனி (பாராட்டுவது போன்ற மறைமுகக் கிண்டல்) என்று தனித்தலைப்பே வேண்டாம்.

கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வான நெட் எழுதுகிறவர்களுக்கு இதே பொருள்கள் 'பொருத்துக' வினாவுக்கும் உதவும்: தங்க புரூச் பிரையரஸ், வேட்டைநாய்கள் மாங்க் (துறவி), இடைவெளிப் பல் வைஃப் ஆஃப் பாத் (பாத் ஊர்ப் பெண்). 'சர் கவெய்ன் அண்ட் த கிரீன் நைட்' கவிதையின் நாயகன் கவெய்னின் பச்சைக் கச்சையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதுவும் 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிதான், ஆனால் சாசருடையது அல்ல.