முகத்துத் தோல் புற்றுநோய்: ‘எர்லி ஸ்டேஜ்’ சார்ட்டில் கோடிங் எங்கே வழுக்குகிறது

அமெரிக்க இன்ஷூரன்ஸ் கிளெய்ம்களில் நோய்க்கும் சிகிச்சைக்கும் கோட் எண் போடுவதற்காக டெர்மட்டாலஜி (தோல் மருத்துவ) சார்ட் பார்ப்பவர்களைக் குழப்புவதில் ‘எர்லி ஸ்டேஜ்’ என்ற குறிப்புக்கு முதலிடம் கொடுக்கலாம். நோய்களுக்கான கோட் பட்டியலான ஐசிடி-10-சிஎம்மில் தோல் புற்றுநோய்க்கு ஸ்டேஜ் கேட்கவே மாட்டார்கள். என்ன வகைக் கட்டி, ஊடுருவியதா இல்லையா, முகத்தில் எந்த இடம் என்பதுதான் கேள்வி. ஸ்டேஜ் 0 என்றால் இன் சிட்டு, அதாவது தோலின் மேலடுக்கைத் தாண்டி ஊடுருவாதது. ஸ்டேஜ் 1 என்றால் ஏற்கெனவே ஊடுருவிய புற்றுநோய். டாக்டர் இரண்டையுமே ‘எர்லி’ என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். ஆனால் முன்னதற்கு டி-யில் தொடங்கும் கோட் வரிசை, பின்னதற்கு சி-யில் தொடங்கும் வரிசை.

அதனால் முதலில் திறக்க வேண்டியது பாத் ரிப்போர்ட் (திசுப் பரிசோதனை அறிக்கை). ஸ்குவாமஸ் செல் கார்சினோமா இன் சிட்டு (போவன் நோய்) என்றால் டி04. சிறிதளவு ஊடுருவல் என்று பெத்தாலஜிஸ்ட் எழுதியிருந்தாலும், மெலனோமா அல்லாத ஊடுருவிய தோல் புற்றுநோய்க்கான சி44-க்குப் போய்விடும். கன்னத்தில் லென்டிகோ மலிக்னா (மெலனோமாவின் ஊடுருவாத நிலை) என்றால் டி03.39. ‘லென்டிகோ மலிக்னா மெலனோமா’ என்று இருந்தால் சி43.39. அவசரத்தில் கடைசிச் சொல்லை விட்டுவிட்டால் முடிந்தது கதை. ‘சூப்பர்ஃபிஷியல் பேசல் செல் கார்சினோமா’ இன்னொரு பொறி. மேலோட்டமானதுதானே என்று டி04-ல் போட்டுவிடுகிறார்கள். சூப்பர்ஃபிஷியல் என்பது அந்தக் கட்டி வளரும் விதம். அதுவும் சி44-தான். ஆக்டினிக் கெரட்டோசிஸ் (வெயிலால் வரும் தோல் தடிப்பு) புற்றுநோயே அல்ல, எல்57.0.

ரிப்போர்ட் இன்னும் வரவில்லையா? வெளிநோயாளி சார்ட்டில் ‘சந்தேகம்’, ‘இருக்கலாம்’ என்பதை வைத்துப் புற்றுநோய் கோட் போடக்கூடாது. டி48.5 போட்டுச் சமாளிப்பதும் தவறு. திசுவைப் பார்த்த பிறகும் தன்மை தீர்மானமாகவில்லை என்று பெத்தாலஜிஸ்ட் சொன்னால்தான் அது. தன்மை குறிப்பிடப்படாத வளர்ச்சிக்கு டி49.2 இருக்கிறது. பயாப்ஸி என்றால் சிபிடி (செய்த சிகிச்சைக்கான கோட்) மாறாது. ஷேவ் பயாப்ஸிக்கு முடிவு எதுவானாலும் 11102. எக்சிஷன் (கட்டியை முழுதாக வெட்டி எடுப்பது) அப்படியல்ல. தீங்கற்றது என்றால் 11440 வரிசை, புற்றுநோய் என்றால் 11640 வரிசை. ரிப்போர்ட் வரும்வரை கிளெய்மை நிறுத்தி வைப்பதே நல்லது.

அடுத்தது இடம். மூக்கில் பேசல் செல் சி44.311, ஸ்குவாமஸ் சி44.321. நெற்றி, கன்னம், நெற்றிப்பொட்டு (கண்ணுக்கும் காதுக்கும் இடைப்பட்ட பகுதி), தாடை எல்லாம் சி44.319 அல்லது சி44.329. ஆனால் இன் சிட்டுவில் மூக்குக்குத் தனி எண் கிடையாது, டி04.39-தான். உதட்டில், தோல் பகுதி என்றால் சி44.0 வரிசை, சிவந்த பகுதி என்றால் சி00. இமைக்கு வலமா இடமா என்பதோடு மேலா கீழா என்பதும் 2018 அக்டோபர் முதல் தேவை: வலது மேல் இமை பேசல் செல் சி44.1121, கீழ் இமை சி44.1122. ‘காதுப் பக்கம்’, ‘முடி ஆரம்பிக்கும் இடம்’ என்று மட்டும் இருந்தால் ஊகிக்காமல் டாக்டரிடம் விளக்கம் கேட்டு குவரி அனுப்புங்கள். நெற்றியா உச்சந்தலையா என்பதில் ஐசிடி மட்டுமல்ல, சிபிடியும் 11640-லிருந்து 11620 வரிசைக்கு மாறிவிடும்.

பணம் கைமாறும் இடம் அளவு. வெட்டுவதற்கு முன், லீஷனின் (கட்டியின்) மிக அகன்ற விட்டத்தோடு இரண்டு பக்க மார்ஜினையும் (சுற்றிலும் சேர்த்து வெட்டும் நல்ல தோலின் அகலம்) கூட்ட வேண்டும். மூக்கில் 0.5 செ.மீ. லீஷன், சுற்றிலும் 0.3 செ.மீ. மார்ஜின் என்று வைத்துக்கொள்வோம். 0.5 + 0.3 + 0.3 = 1.1 செ.மீ., அதாவது 11642. மார்ஜினைக் கூட்ட மறந்தால் 11640. ஃபார்மலினில் சுருங்கி 0.9 செ.மீ. ஆன திசுவை பாத் ரிப்போர்ட்டிலிருந்து எடுத்தால் 11641. தையலுக்காக நீள்வட்டமாக வெட்டிய 2.6 செ.மீ. நீளத்தை எடுத்தால் 11643. ஒரே அறுவை, நான்கு எண்கள், சரி ஒன்றுதான். ஆபரேஷன் நோட்டில் லீஷன் அளவும் மார்ஜினும் தனித்தனியாக இல்லாவிட்டால் ஆடிட்டில் எதை வைத்தும் வாதாட முடியாது. அந்த 2.6 செ.மீ. வீணல்ல, லேயர் லேயராகத் தைத்திருந்தால், அந்தத் தையலுக்கான 12052-க்கு அதுதான் நீளம். சாதாரண ஒற்றை லேயர் தையல் எக்சிஷனிலேயே அடக்கம். பக்கத்துத் தோலை நகர்த்தி ஃபிளாப் போட்டிருந்தால் (மூக்கு, இமை, காது, உதட்டில் 10 சதுர செ.மீ. வரை 14060) எக்சிஷனைத் தனியாகப் போடவே கூடாது.

நோட்டில் ‘ஷேவ் எக்சிஷன்’ என்று இருந்தால் ஆழத்தைப் பாருங்கள். டெர்மிஸின் (தோலின் உள் அடுக்கு) முழுத் தடிமனும் வெட்டப்படவில்லை என்றால் 11310 வரிசை. ‘எக்சிஷன்’ என்ற சொல் இருப்பதாலேயே 11640-க்குப் போகக்கூடாது.

மோஸ் (அடுக்கடுக்காக வெட்டி, ஒவ்வொன்றையும் உடனே மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் அறுவை) என்றால் முகத்தில் முதல் கட்டம் 17311, அதன்பின் ஒவ்வொரு கட்டத்துக்கும் 17312. வெட்டியவரும் ஸ்லைடு பார்த்தவரும் ஒரே டாக்டராக இருக்க வேண்டும். ஸ்லைடை வேறொருவர் படித்திருந்தால் அது மோஸ் ஆகாது.

மார்ஜின் பாசிட்டிவ் (வெட்டிய விளிம்பில் புற்றுநோய் மிச்சம்) என்று மறுபடி வெட்டினால், அது 10 நாள் குளோபல் காலத்துக்குள் (முதல் அறுவையின் கட்டணத்திலேயே பின்கவனிப்பும் அடங்கும் நாட்கள்) என்றால் சிபிடியோடு மாடிஃபையர் 58 சேர்க்க வேண்டும். இரண்டாவது ரிப்போர்ட்டில் ‘மிச்சம் எதுவும் இல்லை’ என்று வந்தால் பலர் பதறித் தீங்கற்றதாக மாற்றிவிடுகிறார்கள். வேண்டாம். எதற்காக வெட்டினார்களோ அந்தப் புற்றுநோய்தான் டயக்னோசிஸ்.

சிகிச்சை முடிந்து, நோய் இல்லாத நிலையில் செக்கப்புக்கு வந்தால் சி44 போகக்கூடாது. பின்தொடர் பரிசோதனைக்கு இசட்08, கூடவே முன்பு புற்றுநோய் இருந்த வரலாற்றுக்கு இசட்85.828. முன்பு இருந்தது தோலின் இன் சிட்டு கார்சினோமா என்றால் வரலாற்றுக்கு இசட்86.007, மெலனோமா இன் சிட்டு என்றால் இசட்86.006. பழைய நோட்டிலிருந்து காப்பி-பேஸ்ட் ஆன பிராப்ளம் லிஸ்ட்டில் சி44.311 வருடக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும். அன்றைய நோட்டில் டாக்டர் என்ன எழுதியிருக்கிறார் என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.