எங்கள் கேமராவில் விழாத வீச்சு

பேஸ்பால் ஆடும் பிள்ளைகளின் எறியை அளப்பது என் வேலை. அமெரிக்காவில், உடல் அசைவையும் அதிலுள்ள விசையையும் ஆராயும் ஒரு பயோமெக்கானிக்ஸ் ஆய்வகம். வருகிறவர்கள் பெரும்பாலும் ஒன்பது வயதுக்கும் பதினேழு வயதுக்கும் இடைப்பட்ட பிட்சர்கள், அதாவது மட்டைக்காரரை நோக்கிப் பந்தை எறிகிறவர்கள். கூடவே அப்பாவோ அம்மாவோ, சில நேரம் கோச்சும். "வேகம் இன்னும் கொஞ்சம் ஏறுமா?" என்று கேட்காத குடும்பம் அபூர்வம். வலிக்கிறதா என்ற கேள்வியை நாங்கள்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

மூட்டுக்கு மூட்டு, ஒளியைத் திருப்பி அனுப்பும் மார்க்கர் என்ற சிறு உருண்டைகளை ஒட்டுவோம். சுற்றிலும் நிற்கும் கேமராக்கள் விநாடிக்கு 240 படங்களோ அதற்கு மேலோ எடுக்கும். மணிக்கட்டில் ஒட்டியது வியர்வையில் நழுவி, பந்தோடு சேர்ந்து வலைக்குப் பறந்துவிடுவதும் உண்டு. தேடியெடுப்பது புதிதாகச் சேர்ந்தவர்களின் பொறுப்பு.

இத்தனை படங்கள் தேவைப்படக் காரணம், முன்கால் தரையில் ஊன்றியதிலிருந்து பந்து விரலைவிட்டுப் போகும்வரை ஏறக்குறைய 0.15 விநாடிதான். அதற்குள் இடுப்பு திரும்பி, அதைத் தொடர்ந்து மார்பு திரும்பி, தோள் இழுக்க, முழங்கை நிமிர, மணிக்கட்டு கடைசியாக வந்து சேர வேண்டும். நடுவில் ஒரு கணம், முன்கை முதுகுப்பக்கமாக முழுக்கச் சாய்ந்து உள்ளங்கை வானத்தைப் பார்க்கும். அங்கிருந்து தோள் முன்னோக்கிச் சுழலும் வேகம், தேர்ந்த பிட்சர்களிடம் விநாடிக்கு 7,000 டிகிரியை ஒட்டி வரும். கிரிக்கெட்டில் பந்து போடும்போது முழங்கை 15 டிகிரிக்கு மேல் நிமிர்ந்தால் குற்றம்; இங்கே அந்த நிமிர்வு இல்லாமல் எறியே கிடையாது.

முன்கை பின்னால் சாய்ந்து கிடக்கும் அந்தக் கணத்தில்தான் சேதமும் இருக்கிறது. மேல்கை முன்னே புறப்பட்டுவிட்டது, முன்கையும் பந்தும் இன்னும் பின்னால். முழங்கையின் உட்பக்கம் பிளக்கப் பார்க்கும். பெரியவர்களிடம் அதைத் தடுக்கத் தேவைப்படும் திருப்புவிசை சுமார் 64 நியூட்டன் மீட்டர். உட்பக்கத்தைக் கட்டிப்பிடித்திருக்கும் நாரான லிகமென்ட்டை மட்டும் தனியே எடுத்து, இறந்தவர்களின் கைகளில் சோதித்தபோது, சராசரியாக 32-ஐ ஒட்டியே அறுந்தது. மிச்சத்தைத் தசையும் எலும்பும் பங்குபோட்டுக்கொள்வதால்தான் எறிகிறவர்களின் கை நிலைக்கிறது. தாங்காமல் போனவர்களுக்காக 1974-இல் டாக்டர் ஃப்ராங்க் ஜோப் ஓர் அறுவை சிகிச்சையைச் செய்துகாட்டினார். அதைச் செய்துகொண்ட டாமி ஜான் என்ற பிட்சரின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது.

பிள்ளைகள் விஷயத்துக்கு வருகிறேன். 1999-இல் ஆய்வாளர் க்ளென் ஃப்ளைசிக் குழுவினர், சிறுவர் முதல் தொழில்முறை ஆட்டக்காரர்வரை 231 பிட்சர்களை ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வு எங்கள் துறையில் எல்லோரும் படிப்பது. மூட்டுகள் நிற்கும் நிலையிலும் நேர ஒழுங்கிலும் சிறுவனுக்கும் தொழில்முறைக்காரருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்றது அது. வித்தியாசம் வேகத்திலும் விசையிலும்: முழங்கையில் பெரியவருக்கு 64 என்றால் சிறுவனுக்கு 28. இந்த 28-ஐக் கேட்டதும் பெற்றோர் முகம் தெளியும். எனக்கு அப்படித் தெளியவில்லை. சிறுவனின் முழங்கை உட்பக்கத்தில் துருத்தும் எலும்பு மேடு இன்னும் எலும்போடு சேர்ந்திருக்காது. நடுவில் குருத்தெலும்பாலான வளர்ச்சித் தட்டு ஒன்று இருக்கும், லிகமென்ட்டைவிட அதற்கு வலு குறைவு. பெரியவருக்கு நார் கிழியும் இடத்தில் சிறுவனுக்குத் தட்டு விலகும். 1960-இலேயே எக்ஸ்ரே பார்த்து இதை விவரித்துவிட்டார்கள். சிறுவர் பேஸ்பால் அமைப்பான லிட்டில் லீக்கை வைத்து, 'லிட்டில் லீகர்ஸ் எல்போ' என்பது அப்போது வந்த பெயர். மேல்கை எலும்பின் உச்சியில் உள்ள தட்டுக்கும் இதே பாடு, அங்கே இழுப்பைவிட முறுக்கல் அதிகம். எறிவதை நிறுத்தி ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் கூடிவிடும். அந்த ஓய்வை வாங்குவதுதான் பாடு.

மார்க்கர் ஒட்ட அந்த மேட்டை விரலால் தடவித் தேட வேண்டும். ஒரு பையன். பன்னிரண்டு வயதிருக்கும். வலியெல்லாம் ஒன்றுமில்லை என்று அப்பாவுக்கு முன்னால் சொல்லியாகிவிட்டது. நான் அழுத்தியபோது முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. ஆனால் சாக்ஸுக்குள் கால்விரல்கள் சுருண்டன. விரலை எடுத்தேன், விரிந்தன. மறுபடி வைத்தேன், சுருண்டன. அன்றைக்கு அளவெடுக்கவில்லை, டாக்டரிடம் அனுப்பினோம். "வாரக் கடைசியில் டோர்னமென்ட் இருக்கிறதே, நீங்கள் பாட்டுக்கு இப்படிச் சொன்னால்?" என்றார் அப்பா. கோபம் நியாயமானதில்லை என்றாலும் புரியாததில்லை. தூரத்திலிருந்து வண்டி ஓட்டி வந்தவர்.

வளரும் கையில் எல்லா மாற்றமும் கேடு என்று நினைக்க வேண்டாம். சிறு வயதிலிருந்தே எறிகிறவர்களுக்கு, எறியும் கையின் மேல்கை எலும்பு மற்ற கையைவிடச் சற்றுப் பின்னோக்கி முறுகியே நின்றுவிடும். அதனால் அந்தத் தோள் பின்னால் அதிகம் போகும், முன்னால் குறைவாக வரும். முன்னால் வருவதை மட்டும் பார்த்துவிட்டு 'இறுக்கம்' என்று பையனைப் போட்டு நீட்டுகிறவர்கள் உண்டு. இரண்டையும் கூட்டி மறு கையோடு ஒப்பிட்டால்தான் விஷயம் தெரியும்.

கோச்சுகள் அதிகம் விவாதிப்பது, வளைந்து போகும்படி எறியும் கர்வ் பந்தை. ஆய்வகத்தில் அளந்தவரை, இளைஞர்களிடம் கர்வ் முழங்கைக்குத் தரும் விசை வேகப்பந்தைவிட அதிகமாக வரவில்லை. 2002-இல் வந்த ஒரு கள ஆய்வு கர்வுக்கும் தோள் வலிக்கும் தொடர்பு கண்டது என்பதும் உண்மை. அந்த விவாதத்தில் போகும் நேரத்தில் பாதியை, எத்தனை பந்து எறிகிறான் என்ற எண்ணிக்கைக்குக் கொடுத்திருக்கலாம் என்பது என் கட்சி.

ஏனென்றால் எங்கள் கேமரா பார்ப்பது நன்றாகத் தூங்கி எழுந்து, வார்ம்-அப் முடித்து வந்த பையனின் பத்துப் பதினைந்து வீச்சுகள். அதிலும் திருப்புவிசையை நாங்கள் நேராக அளப்பதில்லை. அசைவிலிருந்து கணக்கிடுகிறோம், கையின் எடைக்குப் பெரியவர்களின் உடலிலிருந்து வந்த அட்டவணைகளை நம்பி. பத்து வயதுப் பையனுக்குத் தசமப் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் போட்டு ரிப்போர்ட் கொடுப்பது எனக்குக் கூச்சம். ஆனாலும் போன வருஷத்து அவனையும் இந்த வருஷத்து அவனையும் ஒப்பிட அந்தக் கணக்குப் போதும். மார்பு சீக்கிரம் திரும்பிவிடுகிறதா என்பதும் தெரியும். திருத்த வேண்டியவற்றில் முதலில் நான் பார்ப்பது அதைத்தான். கை தளர்ந்த பிறகு, தொண்ணூறாவது பந்தில் அவன் எப்படி எறிகிறான் என்பது இந்தக் கூடத்தில் தெரியாது.

கத்திவரை போனவர்களையும் போகாதவர்களையும் ஒப்பிட்ட 2006 ஆய்வு அந்தத் தொண்ணூறாவது பந்தைப் பற்றித்தான் பேசியது. கை களைத்த பிறகும் வழக்கமாக எறிந்தவர்கள் அறுவை சிகிச்சைக்குப் போகும் வாய்ப்பு 36 மடங்கு. வருஷத்தில் எட்டு மாதத்துக்கு மேல் போட்டியில் எறிந்தவர்களுக்கு 5 மடங்கு. ஆட்டத்துக்கு 80 பந்துக்கு மேல் என்றால் 4 மடங்கு. லிட்டில் லீக் 2007-இலிருந்து இன்னிங்ஸை விட்டுப் பந்துகளை எண்ணுகிறது. பதினொன்று, பன்னிரண்டு வயதுக்கு ஒரு நாளைக்கு 85. 66-ஐத் தொட்டால் நான்கு நாள் ஓய்வு. 41 பந்து போட்டவன் அன்றைக்குக் கேட்சராக, அதாவது மட்டைக்காரருக்குப் பின்னால் பந்தைப் பிடிப்பவனாக, நிற்கக் கூடாது, அங்கேயும் ஓயாமல் எறிய வேண்டியிருப்பதால். நல்ல விதிகள். ஆனால் பையன் இரண்டு அணிகளில் ஆடுகிறான். இரண்டு கோச்சுகளின் நோட்டிலும் கணக்குச் சரியாகவே இருக்கும். இரண்டையும் கூட்டுவதற்கு ஆள் இல்லை. அதனால் மார்க்கர் டப்பாவைத் திறப்பதற்கு முன்பே குடும்பத்திடம் காலண்டரைக் கேட்கிறேன்: எத்தனை அணி, எந்தெந்த மாதம், எறியாமல் இருந்த மாதம் எது. கடைசிக் கேள்விக்குப் பல வீடுகளில் பதில் இல்லை.

இப்போது முழங்கையில் மாட்டிக்கொள்ளும் சென்சார் பட்டைகள் வந்திருக்கின்றன. அவை தரும் விசைக் கணக்கு எங்கள் கணக்கோடு அப்படியே ஒத்துப்போகாது, அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. எண்ணிக்கையை அவை விடாமல் வைத்திருக்கின்றன. பிட்சர் நின்று எறியும் மண்மேட்டில் போட்டதை மட்டுமல்ல, ஆட்டத்துக்கு முன் பழகியதையும், இன்னிங்ஸ் இடைவெளியில் எறிந்ததையும் சேர்த்து. கோச்சுகள் பலருக்கு அந்தப் பட்டை பிடிக்காததற்குக் காரணம் அதுதான்.