லெக் பிரஸ்ஸில் 200 கிலோ என்ற கதை

சாய்ந்து கிடந்தபடி, சரிவான தண்டவாளத்தில் ஓடும் எடை வண்டியைக் காலால் மேலே தள்ளும் ஜிம் மெஷின்தான் லெக் பிரஸ். அதில் 200 கிலோ தள்ளுகிறவன் என்று எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. அதே ஆள் 90 கிலோ பார்பெல்லைத் தோளில் வைத்து ஸ்குவாட் உட்கார்ந்தால் எழுந்திருக்கத் திணறுவான், அதை மட்டும் கண்டுகொள்ளவே இல்லை. ஜிம் மாறினேன். புது இடத்தில் அதே 200-ஐ ஏற்றி லாக்கை விடுவித்தால் ஐந்தாவது ரெப்பில், அதாவது ஐந்தாவது முறை தள்ளும்போதே, கால் வெடவெடக்கிறது.

போனில் சாய்வு அளக்கும் ஆப் இருக்கிறதே, அதைத் தண்டவாளத்தின் மேல் வைத்தேன்: 45 டிகிரி. பழைய ஜிம் நண்பனை அளக்கச் சொன்னால் அங்கே 35. பள்ளியில் படித்த அதே சாய்தளக் கணக்குதான். எடையில் ஒரு பங்கைத் தண்டவாளமே தாங்கிவிடும், மிச்சம்தான் காலுக்கு. சைன் 45 என்பது 0.707, ஆக 200 கிலோவில் என் பங்கு 141. 35 டிகிரியில் 115தான்! செங்குத்தாகத் தள்ளும் மெஷினில் மட்டுமே 200 என்பது 200. பிளேட் மாட்டும் வண்டிக்கும் சொந்த எடை உண்டு, அதுவும் இதே விகிதத்தில் சேரும். உருளைகள் எண்ணெய் காணாமல் கிடந்தால் ஏற்றும்போது உராய்வு நம்மை எதிர்க்கும், இறக்கும்போது நமக்காகத் தாங்கும், அதனால்தான் சில பழைய மெஷின்களில் இறக்குவது அவ்வளவு சொகுசு.

ஸ்குவாட் புதிரும் அங்கேயே அவிழ்ந்தது. நான் 72 கிலோ; முழங்காலுக்குக் கீழே உள்ளதைக் கழித்தாலும் 60-க்கு மேல் என் உடம்பையே தூக்குகிறேன், அதோடு பாரின் 90. லெக் பிரஸ்ஸில் உடம்பு சும்மா சாய்ந்து கிடக்கிறது.

பார் இரண்டு கம்பங்களின் வழியே மட்டும் ஏறி இறங்கும் ஸ்மித் மெஷின் சற்றே சாய்ந்திருந்தால், அதிலும் எடை குறைந்துவிடுகிறது என்று இப்படிப் புலம்புகிறார்கள். அது வீண். செங்குத்திலிருந்து 7 டிகிரி சாய்ந்தால் ஒரு சதவீதம்கூடக் குறையாது. அங்கே பாரை இலேசாக்கப் பின்னால் எதிர் எடை தொங்குகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். கம்பி வடத்தை இழுத்து எடையைத் தூக்கும் கேபிள் மெஷின் தனிக் கதை, நகரும் கப்பி ஒன்று இருந்தால் 20 கிலோ கைக்கு 10 ஆகிவிடும்.

சரி, எடையைக் குறைத்துப் பார்த்தேன். 160-இல் என் பழைய பத்து ரெப் வந்தது, கணக்கும் கிட்டத்தட்ட அதையேதான் சொல்கிறது. இப்போது நோட்டில் கிலோவோடு டிகிரியையும் எழுதுகிறேன். நண்பனிடம் இதை விளக்கினேன். அவனுக்கு அங்கே 240 ஓடிக்கொண்டிருக்கிறது. அப்புறம் பேசுகிறேன் என்று போனை வைத்துவிட்டான்.